ஆமென் வரை காத்திருந்தவள்

எவர்சில்வர் வட்டில் நிறையச் சோறு. மேலே நாலைந்து கோழி ஈரல் துண்டுகள். ஆவி பறக்கிறது. வட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி, முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறாள் ஜிலேபி. சோற்றை அவள் பார்க்கவில்லை. என் கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் நாற்காலியில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். மழைக்காக ஒரு விண்ணப்பம். பக்கத்து கன்டோன்மென்டில் இருக்கும் ஜவான்களுக்காக ஒன்று. நாசரேத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட அண்ணனுக்காக ஒன்று. அண்ணனின் மருமகளுக்கு வேலை கிடைக்க வேண்டும், அதற்கும் ஒன்று. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறேன். ஜிலேபியின் உதட்டோரம் ஒரு சொட்டு எச்சில் தொங்குகிறது. மூக்கு நுனி மட்டும் துடிக்கிறது. உடம்பு அசையவில்லை.

“ஆமென்” என்கிறார்.

அடுத்த நொடி வட்டிலுக்குள் முகம்.

பன்னிரண்டு வருடம், சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் நடந்த காட்சி இது. செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் நாங்கள் வீடு கட்டிய கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். போர்வெல் போடப் பாறை மறித்தது, மேஸ்திரி சொல்லாமல் ஊருக்குப் போனது எல்லாம் வந்துவிட்டது. அந்த வீட்டில் இருந்தவர்களில் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. அவளுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன், ஆசிரியர் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

நான் வேண்டாம் என்றேன்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் பிரிசில்லா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், துப்பட்டாவுக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தாள். மிலிட்டரி காம்பவுண்டு சுவரோரம் சாக்கடைப் பக்கத்தில் கிடந்ததாம். பழுப்பு நிறம். காது இரண்டும் இரண்டு திசையில். வால் மட்டும் அழகாகச் சுருண்டு, கடைக்காரர் பிழிந்து விட்டதுபோல் இருந்தது. பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது.

“நக்கோ பிரிசி. எங்கேருந்து எடுத்தியோ அங்கேயே விட்டுட்டு வா” என்றேன்.

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் என் தமிழுக்குள் வேண்டாம் என்பதற்கு நக்கோவும், ஏன் என்பதற்குக் கைக்குவும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிடும். என் கணவர் சாமுவேல் வேலைக்காகத் தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வந்தவர். இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, ஊர்த் தமிழை அப்படியே வைத்திருக்கிறார். நாங்கள் தமிழில் கேட்டால் பிரிசி பாதி நேரம் ஹிந்தியிலும் மீதி நேரம் தெலுங்கிலும் பதில் சொல்லுவாள். இந்த மூன்றும் ஒரே வீட்டில் ஓடியதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஜிலேபிக்கும் வந்ததில்லை. அவர் “வாட்டி” என்றாலும் போவாள், பிரிசி “ரா” என்றாலும் போவாள், நான் “இதர் ஆ” என்றாலும் வருவாள். நான் கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு வருவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்கும் நாய் வளர்க்கும் எண்ணம் கிடையாது. பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மருந்தைச் சோதித்துப் பார்க்கும் லேபில் இருந்தார். கம்பெனி பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து ஆறே முக்காலுக்கு அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். சட்டை, தலைமுடி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்தக் கெமிக்கல் வாசனை இருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு அது குமட்டும். பிரிசி குழந்தையாக இருந்தபோது, “டாடி, குளிச்சிட்டு தூக்குங்க” என்று ஓடுவாள்.

அன்று அவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போது அந்தக் குட்டி தத்தித் தத்திப் போய் அவர் காலை மோந்து பார்த்தது. நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் மூக்கைப் பிடித்துக்கொண்ட வாசனை. அது ஷூவுக்குள் தலையை விட்டுத் தூங்கிப்போனது.

“இது இருந்துட்டுப் போட்டும்” என்றார் அவர். நான் தோற்ற இடம் அது.

வீட்டுச் சட்டம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவருடைய அப்பா வீட்டிலிருந்து வந்தது. சாயங்காலக் குடும்ப ஜெபம் முடிந்துதான் சாப்பாடு. ஜெபத்துக்கு முன்னால் தட்டெல்லாம் பரிமாறி மேஜையில் தயாராக இருக்கும், ஆமென் சொன்ன பிறகே கை போகும். பிரிசி மூன்று வயதில் ஒருமுறை அப்பளத்தை உடைத்து வாயில் போட்டு மாட்டிக்கொண்டாள். ஜெபம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

“ஆமென் சொல்லாம இந்த வீட்டுல யாருக்கும் சோறு கெடையாது. அவளுக்கும் அதே சட்டந்தான்” என்றார், குட்டியைக் காட்டி.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாய்க்கு என்ன ஜெபம் தெரியும்? முதல் நாள் அவர் கண்ணை மூடியதும் குட்டி வட்டிலில் பாய்ந்தது. வட்டிலை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி பாய்ந்தது, மறுபடி எடுத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. லேபில் ஒரே சோதனையை நாற்பது தடவை செய்கிற மனுஷனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மூன்றே வாரம். ஜிலேபி படித்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஏ.எஸ்.ராவ் நகரில் இன்ஜினீயர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் முழுக்கச் சொல்லியும் ஏறாத விஷயங்கள் உண்டு. அதனால் அந்த மூன்று வாரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் ஜெபத்தைக் கொஞ்சம் இழுப்பார். எங்களுக்குத் தெரியாத மிஷனரிகளெல்லாம் அன்று ஜெபத்தில் வருவார்கள். முடிந்ததும், “பாத்தியளா, அசையவே இல்ல” என்பார்.

பாஸ்டருக்கு வந்த சோதனை

எங்கள் சபைக்கு இப்போது இருக்கும் பாஸ்டர் ஐயா முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நல்ல மனிதர். ஜெபம் மட்டும் நீளம். அன்று அவரோடு சபையார் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியம் சொல்லும்போதும் இவர்கள் நடுநடுவே “ஆமென், ஆமென்” என்பார்கள். எனக்குப் பயம். இத்தனை ஆமெனுக்கு நடுவில் நாய் என்ன செய்யப்போகிறதோ என்று கண்ணைத் திறந்து பார்த்தேன்.

ஒவ்வொரு ஆமெனுக்கும் ஜிலேபி தலையைத் தூக்கினாள். பாஸ்டரைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தாள். அவர் வாய் அசையவில்லை என்றதும் தலையைக் கீழே வைத்துக்கொண்டாள். இப்படி இருபது தடவையாவது நடந்திருக்கும்.

கடைசியில் பாஸ்டர் ஐயா முடித்தார். எல்லோரும் உரக்க ஆமென் சொன்னோம். ஜிலேபி எழுந்திருக்கவில்லை. ஏன் என்று பார்த்தால் இவர் காலையில் நாலரைக்கு எழுந்து பஸ் பிடித்த களைப்பில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். நான் முழங்கையால் இடித்தேன். திடுக்கிட்டு, “ஆமென்” என்றார். அப்புறம்தான் ஜிலேபி அம்மாள் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

“சாமுவேல், உங்க வீட்டு நாய் என்னை ஊழியக்காரனாவே மதிக்கலையே” என்றார் பாஸ்டர் ஐயா. அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

குளியலறைத் தாழ்ப்பாள்

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டு வருடம் முன்பு எனக்கு வயிற்றில் புண் வந்தது. டாக்டர், “வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்” என்று கண்டிப்பாகச் சொன்னார். என் கணவரிடம் சொன்னால் சட்டத்தைத் தளர்த்தியிருப்பார்தான். ஆனால் முப்பது வருடம் என்னோடு சேர்ந்து காத்திருந்தவர், நான் உட்காராத மேஜையில் அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அடுப்படியில் நின்றபடி ஒரு கிண்ணம் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாளே நிமிர்ந்து பார்த்தால் அடுப்படி வாசலில் ஜிலேபி. குரைக்கவில்லை, சிணுங்கவில்லை. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். அவர் வேலையில் இருந்தவரை பஸ் வருவதற்குள் முடித்துவிடுவோம். ரிட்டயரான பிறகுதான் சிரமமாகிவிட்டது. சாயங்காலம் அவளோடு நடந்துவிட்டு வந்து ஆறு மணிக்குக் குளிக்கப் போவார். குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் அடுப்படிக்கு ஓடுவோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்பதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். பிரிசி ஒருநாள் பார்த்துவிட்டு, “மம்மீ, க்யா சல்ரா இதர்? என்ன நடக்குது இங்க?” என்று கேட்டாள். அவள் வாயையும் அடைத்தாயிற்று.

நான் வியந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான். வயிறு நிறையச் சாப்பிட்டவள், ஏழரை மணிக்கு வட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து படுத்துக்கொள்வாள். அதே மாதிரி அவர் வாயைப் பார்ப்பாள். ஆமென் சொன்னதும் எழுந்து போய் வட்டிலில் முகத்தை வைத்து, பாதியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நகர்வாள். நான் மேஜையில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்க்கவே மாட்டாள். என்னைவிட அவள் நன்றாக நடித்தாள் என்று அப்போது நினைத்தேன். அது நடிப்பில்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

கடைசி ஆமென்

போன வருடம் வெயில் தொடங்கும்போது தண்ணீர் நிறையக் குடிக்க ஆரம்பித்தாள். மிருக டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்னி போய்விட்டது என்றார். தினமும் டிரிப் ஏற்றினோம். பிரிசி ஆபீசுக்கு லீவு போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் வந்தாள்.

கடைசி மூன்று நாள் ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. நான் கிண்ணத்தில் பாலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். விரலில் தொட்டு உதட்டில் வைத்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏழரைக்கு அவர் வழக்கம்போல வட்டிலில் கஞ்சியை ஊற்றி வைத்தார். அன்றைக்கு ஜெபம் சின்னது. அண்ணன் வரவில்லை, ஜவான்கள் வரவில்லை. அவளுக்காக மட்டும்தான்.

“ஆமென்” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, “ஆமென்டி” என்றார்.

முன்னங்கால் இரண்டையும் ஊன்றினாள். பின்பக்கம் தூக்க வரவில்லை. ஒரு தடவை சரிந்தாள். பிறகு எப்படியோ எழுந்து, நாலு அடி நடந்து வட்டிலுக்குப் போனாள். கஞ்சியில் மூக்கை வைத்தாள். ஒரே ஒரு நக்கு. வட்டில் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், கன்டோன்மென்டில் பியூகிள் ஊதுகிற நேரத்தில் உயிர் போயிற்று. அந்தச் சத்தம் கேட்டால் தினமும் நிமிர்ந்து உட்காருகிறவள். அன்று காது மட்டும் லேசாக அசைந்தது என்று பிரிசி சொல்கிறாள்.

பின்பக்கம் சீத்தாப்பழ மரத்தடியில் அவரும் பிரிசியும் குழி தோண்டினார்கள். பிரிசி, “ஜெபம் பண்ணுங்க டாடி” என்றாள். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முடியாத ஜெபம்

அன்று சாயங்காலம் ஏழரைக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெபம் ஆரம்பித்தார். அண்ணன், ஜவான்கள், எல்லோரும் அதில் ஒழுங்காக வந்தார்கள். கடைசி வாக்கியமும் முடிந்தது. நாங்கள் காத்திருந்தோம். ஆமென் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். அவர் வட்டில் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “டாடி ஆமெனிச் நை போலே மம்மீ” என்று பிரிசி மெதுவாகச் சொன்னாள், ஆமெனே சொல்லவில்லையாம். அவள் கண்ணில் தண்ணீர். மேஜையில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜெபத்துக்கே உட்காரவில்லை. “நீங்க பண்ணிச் சாப்பிடுங்க” என்று கேட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு சர்க்கரை உண்டு, இரவு மாத்திரைக்கு முன்னால் சாப்பிட்டே ஆக வேண்டும். ரெண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. ஒருநாள் காலையில் கேட் பக்கத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பிரிசிதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தூக்கி வந்தாள்.

என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்கு அவர் மேல் கோபம், செத்துப்போனவள் மேல் கோபம். அவள் இல்லாத அடுப்படியில் ஆறு மணிக்கு நின்று சாப்பிடும்போது என் மேலேயே கோபம். இந்த வீட்டில் ஆமென் சொல்ல ஆள் இல்லாமல் போய், இவரையும் வாரிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

சீட்டில் எழுதாமல் விட்டது

எங்கள் சர்ச்சில், ஜெபம் வேண்டுகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஆராதனையில் செயலாளர் அதை வாசிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சர்ச்சுக்கும் வரவில்லை. நான் சீட்டை எடுத்தேன். நாய்க்காக என்று எழுதக் கூச்சமாக இருந்தது. இத்தனை பேர் வியாதி, பரீட்சை, கோர்ட்டு என்று எழுதும்போது நான் நாயை எழுதுவதா? கடைசியில், ‘குடும்பத்தில் ஏற்பட்ட இழப்புக்காகவும், சாமுவேலின் ஆறுதலுக்காகவும்’ என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

செயலாளர் அதைக் கணீரென்று வாசித்தார். எனக்கு முன் வரிசையில் நாலு தலை திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்துத் தலைவி கிரேஸ் அக்கா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். “நீ ஒண்ணும் சொல்லாத ஜெயா. அழுவ. நாங்க செவ்வாக்கிழம வாரோம்” என்றார். அந்தப் பிரியத்தின் முன்னால், ‘அக்கா, அது நாய்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். திங்கட்கிழமையும் சொல்லவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வந்தார்கள். பாஸ்டர் ஐயா, கிரேஸ் அக்கா, ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து சங்கத்து ஸ்டெல்லா. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று கிரேஸ் அக்கா ஒரு பெரிய ஹாட்கேஸ் நிறைய இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கேட்டில் நின்றிருந்த என் கணவர் ஒன்றும் புரியாமல் அவர்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“போனது யாரு சாமுவேல்? ஊர்ல அண்ணனா?” என்று பாஸ்டர் ஐயா கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஜிலேபி” என்றார்.

“நாயா?” என்றார் ஸ்டெல்லா. “ரெண்டு ஆட்டோ மாறி வந்தேன். கைக்கு ஜெயா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

கிரேஸ் அக்கா ஸ்டெல்லாவின் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். பாஸ்டர் ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“என்னை மதிக்காத அவளா? எப்படிப் போனா?”

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. நாங்கள் சாப்பிடுங்கள், படுங்கள், மாத்திரை போடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“மூணு நாளா தண்ணி எறங்கல. எந்திரிக்கச் சீவன் இல்லாமக் கெடந்தா” என்று அவர் ஆரம்பித்தார். “நாந்தான் ஆமென் சொன்னேன். எந்திரிக்கலன்னதும் இன்னொரு மட்டம் சொன்னேன். என் வார்த்தைக்காவ அந்த ஒடம்ப இழுத்துக்கிட்டு வந்தா ஐயா. அன்னைக்கு மட்டுமா? பன்னெண்டு வருசம் சோத்த முன்னால வச்சிக்கிட்டுப் பட்டினி போட்டிருக்கேன். நாலு பேரு வந்தா இன்னும் இழுப்பேன், எம் பெருமைக்கு. அந்த வார்த்தைய இனி எந்த வாயால சொல்ல?”

சொல்லி முடித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இத்தனை நாளாக இந்த மனுஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இதற்காகத்தானா? பதில் என் கையில் இருந்தது, ஏழு வருடமாக. அதைச் சொன்னால் அவருடைய பெருமை உடைந்துவிடும். சொல்லாவிட்டால் அவரே உடைந்துவிடுவார்.

“அவ பட்டினி கெடக்கல” என்றேன்.

நிமிர்ந்தார்.

“சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஏழு வருஷமா சாயங்காலம் ஆறு மணிக்கு அவ வயிறு நிறையச் சாப்பிட்டுட்டா. நான்தான் போட்டேன். நானும் சாப்பிட்டேன், என் வயித்துப் புண்ணுக்காக. நீங்க குளிக்கப் போனதும் ரெண்டு பேரும் அடுப்படியில சாப்பிடுவோம்.”

“ஏழு வருசமாவா?”

“ஹவ்” என்று தலையாட்டினேன்.

அவர் பிரிசியைப் பார்த்தார். “ஒனக்குத் தெரியுமா?”

“மாலூம் டாடி” என்றாள் பிரிசி, தலையைக் குனிந்துகொண்டு.

“அப்ப எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியாதுங்கறதும் அவளுக்குத் தெரியும்” என்றேன். “யோசிச்சுப் பாருங்க. பசிக்காக எழுந்து வர்றவளா இருந்தா ஏழு வருஷம் வந்திருப்பாளா? அன்னைக்கும் ஆறு மணிக்கு நான் பால் கொடுத்தேன். என் கையிலேருந்து முகத்தத் திருப்பிக்கிட்டா. ஏழரைக்கு உங்களுக்காக எழுந்தா. நீங்க எழுப்பல. அவளுக்குப் பிரியம், அவளா எழுந்தா.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கள்ளிங்க” என்றார். “ரெண்டு கள்ளிங்களும் சேந்து.” சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அழுதார். அவள் போன பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிரிசி போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் ஐயா எழுந்து நின்றார். எங்கள் சபையில் அவர் அவ்வளவு சின்ன ஜெபம் பண்ணி யாரும் கேட்டதில்லை. இந்த வீட்டுக்கு அவளைக் கொடுத்ததற்காக நன்றி சொன்னார். அவள் காத்திருந்ததற்காகவும், எழுந்து வந்ததற்காகவும் நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

“ஆமென்” என்றோம் எல்லோரும்.

பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அத்தனை பேரும் என் கணவரின் வாயைப் பார்த்தோம். பாஸ்டர் ஐயாவும் பார்த்தார்.

அவர் வட்டில் இருந்த மூலையை ஒரு தடவை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமென்” என்றார்.

கிரேஸ் அக்கா ஹாட்கேஸைத் திறந்தார். இட்லி இன்னும் சூடாக இருந்தது. பிரிசி தட்டுகளை எடுத்து வைத்தாள். அவர் மேஜைக்கு வந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ ஆறு மணிக்கே முடிச்சிருப்பியே” என்றார்.

முடித்திருந்தேன். எனக்குக் கொஞ்சமும் பசியில்லை. ஆனால் அவர் ஆமென் சொல்லியிருந்தார். நான் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.